குடும்பத்தோடு ஒகேனக்கல் பயணம்: சப்ளையருக்கு டிப்ஸ் எவ்வளவு, எப்போது, யார் கையில்?

சாப்பிட்டு முடிந்தது. தோல் உறைக்குள் பில் வருகிறது, கூடவே ஒரு சின்னக் கிண்ணத்தில் சோம்பும் கல்கண்டும். மேஜையில் எட்டுப் பேர். வீட்டுப் பெரியவர் போனை எடுத்து, கியூ.ஆர். அட்டையை ஸ்கேன் செய்து, 1,260 ரூபாயைக் கட்டிவிடுகிறார். சட்டைப் பையைத் தடவினால் ஒரே ஒரு 500 ரூபாய்த் தாள். அதைக் கொடுக்க மனசு வரவில்லை, சும்மா எழுந்திருக்கவும் கூச்சமாக இருக்கிறது. சப்ளையர் டம்ளர் எடுக்கிற சாக்கில் பக்கத்திலேயே நிற்கிறார். கடைசியில் "வர்றோம் தம்பி" என்று ஒரு சிரிப்போடு எல்லோரும் வெளியேறிவிடுகிறார்கள்.

தாத்தாவுக்கு இரண்டு தடவை வெந்நீர் கொண்டுவந்தவர், பாப்பா கொட்டிய ரசத்தைத் துடைத்தவர், ஆறாவது முறையாக சாம்பார் வாளியோடு வந்தவர் எல்லாம் அந்தத் தம்பிதான். அவருக்கு ஒன்றுமில்லாமல் போனதற்குக் காரணம் பெரும்பாலும் கஞ்சத்தனம் கிடையாது, சில்லறை இல்லாததுதான். அதனால் அங்கிருந்தே ஆரம்பிப்போம்.

கிளம்பும் முன் ஒரு சில்லறைப் பை

ஓசூர் அல்லது கிருஷ்ணகிரி வழியாக வந்து, ஒகேனக்கல்லில் ஒரு ராத்திரி தங்கி, மறுநாள் தருமபுரி வழியாகத் திரும்பும் இரண்டு நாள் பயணம் என்று வையுங்கள். உட்கார்ந்து சாப்பிடும் வேளை ஆறு வரும்: முதல் நாள் காலை டிபன், மதியம், இரவு, மறுநாள் காலை, மதியம், திரும்பும் வழியில் சாயங்கால டிபன். நடுவில் நாலைந்து டீக்கடை. ஆறிலிருந்து எட்டுப் பேர் உள்ள குடும்பத்துக்கு 10 ரூபாய்த் தாள் இருபது, 20 ரூபாய் பதினைந்து, 50 ரூபாய் பத்து, 100 ரூபாய் மூன்று இருந்தால் போதும். மொத்தம் 1,300 ரூபாய். சாப்பாட்டுச் செலவோடு கலக்காமல் இதைத் தனியாக ஒரு ஜிப் பையில் போட்டு, ஒரே ஒருவர் கையில் கொடுத்துவிடுங்கள். அந்த ஒருவர் யார் என்பதைக் கிளம்பும்போதே முடிவு செய்வது ஏன் முக்கியம் என்று பின்னால் சொல்கிறோம்.

சில்லறையை வழியில் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைக்காதீர்கள். ஏ.டி.எம். பெரும்பாலும் 500 தாளாகவே தள்ளும். சுங்கச்சாவடியில் மீதி வாங்கிய காலம் ஃபாஸ்டேக் வந்ததும் போய்விட்டது. பெட்ரோல் பங்கிலும் இப்போது பாதிப் பேர் போனில் கட்டுவதால் அங்கேயும் கட்டுக்கட்டாகச் சில்லறை இருக்காது. முந்தின நாள் வங்கியில் மாற்றுவது நல்லது. இல்லையென்றால் தெருமுனை மளிகைக் கடைக்காரரிடம் 500 கொடுத்து மாற்றிக்கொள்ளுங்கள். ஒகேனக்கல் போகிறவர்கள் இந்த வேலையைப் பென்னாகரம் தாண்டும் முன் முடித்துவிட வேண்டும். ஞாயிற்றுக்கிழமை மதியம் ஆற்றோரக் கடைகளில் எல்லோரும் எல்லோரிடமும் சில்லறை கேட்டுக்கொண்டிருப்பார்கள்.

10 ரூபாய் நாணயம் சட்டப்படி செல்லும். ஆனாலும் சில கடைக்காரர்கள் வாங்கத் தயங்குவார்கள். அந்தத் தயக்கத்தைச் சப்ளையர் தலையில் கட்டாதீர்கள். டிப்ஸுக்குத் தாள்தான் சரி. கிழிந்த தாளையும் டேப் ஒட்டிய தாளையும் தள்ளிவிடும் இடமாக டிப்ஸைப் பயன்படுத்துகிறவர்கள் உண்டு. வாங்குகிறவருக்கு அது தெரியாது என்று நினைப்பது தப்பு.

பில்லைப் படிப்பது

டிப்ஸ் பற்றிய பாதிக் குழப்பம் பில்லில் கடைசி நான்கு வரியைப் படிக்காததால் வருவது. சாதாரண ரெஸ்டாரன்டில் சாப்பாட்டுத் தொகை 1,200 என்றால், கீழே சி.ஜி.எஸ்.டி. 2.5 சதவீதம் 30 ரூபாய், எஸ்.ஜி.எஸ்.டி. 2.5 சதவீதம் 30 ரூபாய், ஆக 1,260 என்று வரும். இந்த 60 ரூபாய் அரசாங்கத்துக்குப் போகும் வரி. "அதான் பில்லிலேயே சேர்த்துட்டானே" என்று சிலர் இதைக் காட்டி டிப்ஸ் கொடுக்காமல் எழுந்துவிடுவார்கள். அதில் ஒரு பைசா சப்ளையருக்குப் போகாது. ஒரு நாள் அறை வாடகை 7,500 ரூபாயைத் தாண்டும் பெரிய விடுதிக்குள் இருக்கும் ரெஸ்டாரன்டில் இந்த வரி 18 சதவீதம். டிப்ஸ் கணக்குப் போடும்போது வரிக்கு முந்தைய தொகையைப் பாருங்கள்.

சின்ன மெஸ்ஸில் ஜி.எஸ்.டி. வரியே இல்லாமல் பில் வந்தால் பதற வேண்டாம். சிறு வியாபாரிகளுக்கான காம்பொசிஷன் திட்டத்தில் இருப்பவர்கள் வாடிக்கையாளரிடம் தனியாக வரி வாங்கக் கூடாது.

கவனிக்க வேண்டியது "சர்வீஸ் சார்ஜ்" என்று ஹோட்டல்காரர் பில்லில் போடும் தொகை. இது அரசாங்க வரி இல்லை. கிருஷ்ணகிரி, தருமபுரி நகர ஹோட்டல்களில் இது அபூர்வம். நெடுஞ்சாலை ஓரத்து ரிசார்ட்டிலோ ஓசூர்ப் பக்கத்துப் பெரிய ரெஸ்டாரன்டிலோ எட்டிப் பார்க்கலாம். 1,200 ரூபாய்ச் சாப்பாட்டுக்கு 10 சதவீதம் என்று 120 ரூபாய் போட்டு, அந்த 1,320-க்கும் சேர்த்து 66 ரூபாய் வரி போட்டால் பில் 1,386 ஆகிவிடும். மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலை 4-ல் வெளியிட்ட வழிகாட்டுதல்படி சர்வீஸ் சார்ஜைத் தானாகப் பில்லில் சேர்க்கக் கூடாது. வேறு பெயரில் வாங்கக் கூடாது. கொடுக்க மாட்டேன் என்பவரை உள்ளே விடாமல் தடுக்கவும் கூடாது. ஹோட்டல் சங்கங்கள் இதை எதிர்த்து வழக்குப் போட்டன. 2025 மார்ச் 28-ல் தில்லி உயர் நீதிமன்றம் வழிகாட்டுதல் செல்லும் என்று தீர்ப்பளித்தது.

பில்லில் சர்வீஸ் சார்ஜைப் பார்த்தால் சப்ளையரிடம் சத்தம் போடாதீர்கள். அவர் பில் மிஷினைத் தொடுகிறவர் இல்லை. கல்லாவுக்குப் போய், "சர்வீஸ் சார்ஜை எடுத்துட்டு வேற பில் போட்டுக் குடுங்க, சப்ளையருக்கு நாங்க கையில குடுத்துக்கறோம்" என்று சொன்னால் போதும். பெரும்பாலும் எடுத்துவிடுவார்கள். எடுக்க மறுத்தால் குடும்பத்தை நிற்க வைத்துச் சண்டை போட வேண்டாம். பணத்தைக் கட்டி, பில்லைப் போட்டோ எடுத்து வைத்துக்கொண்டு, தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் செய்யலாம். சர்வீஸ் சார்ஜைக் கட்டிய பிறகு அதற்கு மேல் டிப்ஸ் கொடுப்பது உங்கள் இஷ்டம். கொடுக்கவில்லை என்றால் குறையில்லை.

பில்லைப் பார்க்காதீர்கள், நடையை எண்ணுங்கள்

பில்லில் பத்து சதவீதம் என்ற கணக்கு இந்தப் பக்கத்துச் சாப்பாட்டுக்குப் பொருந்தாது. காரணம் இலைச் சாப்பாடு.

ஒரு இலைக்கு என்ன நடக்கிறது என்று பாருங்கள். இலை போட வேண்டும், தண்ணீர் வைக்க வேண்டும். பொரியல், கூட்டு, ஊறுகாய், அப்பளம் ஒரு சுற்று. சாதம் ஒரு சுற்று. சாம்பார், வத்தக்குழம்பு, ரசம், மோர் தனித்தனியாக நான்கு சுற்று. நடுவில் "இன்னும் கொஞ்சம் சாதம்", "பொரியல் இருக்கா", "மோர் மிளகாய் கிடைக்குமா". எட்டுப் பேருக்கு இலை போட்டால் ஒரு சப்ளையர் உங்கள் மேஜைக்குக் குறைந்தது பதினைந்து இருபது தடவை நடப்பார். அதுவும் எல்லோரும் ஒரே வேகத்தில் சாப்பிட்டால். குடும்பத்தில் அது நடக்காது. மாமா ரசத்துக்கு வந்திருப்பார், பையன் இன்னும் அப்பளத்தை நொறுக்கிக்கொண்டிருப்பான், அத்தைக்கு நெய் வேண்டும். பில் மட்டும் ஆயிரத்தைச் சுற்றித்தான் நிற்கும். அதே எட்டுப் பேர் பேமிலி ரெஸ்டாரன்டில் தந்தூரி, நாண், பிரைட் ரைஸ் என்று சொன்னால் பில் மூவாயிரம் வரும். நடையோ ஏழெட்டு.

ஆகவே மெஸ்ஸில் சதவீதத்தை மறந்துவிட்டு, பெரியவர் ஒருவருக்கு 5 முதல் 10 ரூபாய் என்று வையுங்கள். எட்டுப் பேருக்கு 50 ரூபாய் சப்ளையருக்கு நியாயமானது. கூட்டமான ஞாயிறு மதியத்தில் 70, 80 கொடுத்தால் தப்பில்லை. களி, நாட்டுக்கோழிக் குழம்பு என்று விசேஷமாகக் கேட்டுச் சாப்பிடும் இடங்களிலும் இதே கணக்குதான். ஒன்று மட்டும்: கேழ்வரகுக் களி உருண்டையைக் குழந்தைக்காகக் கேட்டு, கொண்டுவந்ததும் அவன் முகத்தைச் சுளிக்க, உடனே இட்லி இருக்கிறதா என்று ஆளை மறுபடி அனுப்பினால், அந்த நடைக்கும் சேர்த்துக் கொடுங்கள்.

ஏ.சி. பேமிலி ரெஸ்டாரன்டில் 1,200 ரூபாய்ச் சாப்பாட்டுக்கு 60 முதல் 100, மூவாயிரத்துக்கு 150 முதல் 200. ஐந்தாயிரத்தைத் தாண்டினாலும் 300-க்கு மேல் ஏற்ற வேண்டியதில்லை. பத்துப் பேருக்கு மேல் போய் மேஜைகளைச் சேர்த்துப் போடச் சொன்னால், பிறந்தநாள் கேக் வெட்டி மேஜை முழுக்கக் கிரீம் தடவிவிட்டால், இதோடு 50 முதல் 100 வரை சேர்க்க வேண்டும். கேக் என்றாலே தரையையும் ஒருவர் துடைத்தாக வேண்டும்.

டோக்கன் வாங்கி நாமே எடுத்துச் சாப்பிடும் நெடுஞ்சாலைக் கடைகளில் டிப்ஸ் வழக்கம் இல்லை. தட்டை எடுத்து மேஜையைத் துடைப்பவருக்கு மட்டும், குழந்தைகள் சிந்தியிருந்தால், 10 அல்லது 20. டீக்கடையில் ஒன்றும் வேண்டாம். முதலாளியே பரிமாறும் இட்லிக் கடையில் டிப்ஸ் நீட்டினால் சில பேருக்குக் கோபம்கூட வரும். அங்கே 95 ரூபாய்க்கு 100 கொடுத்து "மீதி இருக்கட்டும்ணா" என்றால் சரி. அம்மா உணவகத்தில் அந்தப் பேச்சே கிடையாது.

இலை எடுக்கும் அம்மா

மெஸ்ஸில் பரிமாறுகிறவர் வேறு, இலை எடுத்து மேஜை துடைக்கிறவர் வேறு. பெரும்பாலும் நடுவயதுப் பெண் ஒருவர், பிளாஸ்டிக் கூடையோ வாளியோ கையில் வைத்துக்கொண்டு, நீங்கள் கை கழுவப் போன பிறகு மேஜைக்கு வருவார். நீங்கள் அவரைப் பார்ப்பதே இல்லை. உங்கள் டிப்ஸ் அவருக்குப் போவதும் இல்லை. மேஜையில் தாளை விட்டுப் போனால் அதை எடுத்துச் சப்ளையரிடம் கொடுக்க வேண்டும் என்பது பல கடைகளில் எழுதாத விதி.

கை கழுவிவிட்டு வரும் வழியில் 20 ரூபாயை நேராக அவர் கையில் கொடுத்து, "இது உங்களுக்குங்கம்மா" என்று சொல்லுங்கள். "உங்களுக்கு" என்ற சொல் முக்கியம். இல்லாவிட்டால் அவர் அதைச் சப்ளையரிடமோ கல்லாவிலோ கொண்டுபோய்ச் சேர்த்துவிட வாய்ப்பு உண்டு. சப்ளையருக்கு 50-ம் இவருக்கு 20-ம் என்று பிரித்துக் கொடுப்பது, ஒருவருக்கே 70 கொடுப்பதைவிட மேல் என்பது எங்கள் கருத்து.

கையில் போய்ச் சேரும் வழி

எவ்வளவு என்பதைவிட இங்கேதான் அதிகம் தப்பு நடக்கிறது.

போனில் கட்டுபவர்கள் சிலர் பில் 1,260 என்றால் 1,350 போட்டுவிட்டு, "மீதி தம்பிக்கு" என்று கல்லாவில் சொல்லிவிட்டுப் போவார்கள். கியூ.ஆர். முதலாளியின் கணக்கோடு இணைந்தது. அந்த 90 ரூபாய் அங்கேதான் விழும். நல்ல முதலாளி அப்போதே கல்லாவிலிருந்து எடுத்துக் கொடுப்பார், ராத்திரி கணக்கு முடிக்கிற அவசரத்தில் மறந்துபோகவும் செய்வார். அதனால் பில்லை மட்டும் போனில் கட்டுங்கள், டிப்ஸைத் தாளாகக் கொடுங்கள். தாளே இல்லை என்றால், கல்லாவில் "தொண்ணூறு ரூபா சேர்த்துப் போடறேன், கேஷா குடுங்க" என்று கேட்டு வாங்கி, நீங்களே கொடுங்கள். பெரும்பாலான கடைகளில் தருவார்கள்.

சப்ளையரின் சொந்த எண்ணுக்குப் போடலாமா? போடலாம். ஆனால் வேலை நேரத்தில் போனைத் தொடக் கூடாது என்று கடைக்குள் விதி இருக்கலாம். சப்ளையர்களை மேற்பார்க்கும் கேப்டன் பார்த்துக்கொண்டிருக்கும்போது எண் சொல்லச் சொன்னால் அவருக்குத்தான் சங்கடம். அவராகச் சொன்னால் போடுங்கள், வற்புறுத்த வேண்டாம்.

ரொக்கமாகப் பில் கட்டும்போது நடக்கும் தப்பு வேறு மாதிரி. 1,260-க்கு உறைக்குள் 1,300 வைத்து மூடிவிட்டு எழுந்துவிடுவோம். உறை நேராகக் கல்லாவுக்குப் போகும். கல்லாவில் இருப்பவர் 40 ரூபாய் மீதியை உறையில் வைத்துத் திருப்பி அனுப்பினால்தான் அது சப்ளையருக்கு. கூட்ட நேரத்தில் உறை வேறு மேஜைக்குப் போய்விடும். மீதி வரும்வரை உட்காருங்கள். வந்த பிறகு அதிலிருந்து எடுத்துக் கொடுங்கள்.

அந்த மீதி எப்படி வருகிறது என்பதையும் பாருங்கள். 1,260-க்கு மூன்று 500 கொடுத்தால் 240 திரும்ப வர வேண்டும். அனுபவமுள்ள சப்ளையர் அதை 200 தாளும் இரண்டு 20-மாகக் கொண்டுவர மாட்டார். ஒரு 100, இரண்டு 50, மேலே 20, 10, 10 என்று கல்லாவில் உடைத்து வாங்கி, சின்னத் தாள்கள் மேலே தெரிய அடுக்கிக்கொண்டு வருவார். வாயைத் திறக்காமல் கேட்பது அது. எரிச்சல்பட ஒன்றுமில்லை, உங்கள் சில்லறைக் கவலையை அவர் தீர்த்துவைத்திருக்கிறார்.

டம்ளருக்கு அடியில் வைத்துவிட்டுப் போகும் பழக்கத்தை விடுங்கள். அடுத்த குடும்பம் இடம் பிடிக்க ஓடி வரும் கடையில் அந்தத் தாள் யாருக்குப் போகும் என்று சொல்ல முடியாது. கல்லா பக்கத்தில் உண்டியல் மாதிரி டிப்ஸ் டப்பா இருந்தால் விஷயம் வேறு. அது பெரும்பாலும் எல்லோருக்கும் பிரிப்பது. "இது எல்லாருக்கும் பிரிக்கறதாண்ணா?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். ஆமாம் என்றால் அதிலேயே போட்டுவிடலாம், சமையல்கட்டில் இருக்கும் மாஸ்டருக்கும் போகும்.

வலது கையால் கொடுங்கள். சாப்பிட்ட கை ஈரமாக இருக்கிறது என்று இடது கையால் நீட்டுவது நம் ஊரில் மரியாதை ஆகாது. துடைத்துக்கொண்டு கொடுங்கள். தாளை ஒருமுறை மடித்தால் போதும், உருண்டையாகச் சுருட்டாதீர்கள். "தம்பி, இதை வெச்சுக்கங்க" என்றோ, வயதில் மூத்தவர் என்றால் "அண்ணா, டீ சாப்பிடுங்க" என்றோ சொன்னால் போதும். சின்னப் பையனாகவே இருந்தாலும் "டேய்", "இந்தாப்பா பிடி" எல்லாம் வேண்டாம். குழந்தை கையால் கொடுக்க வைப்பது நல்ல பழக்கம். ஆனால் அதைப் போனில் படம் எடுக்காதீர்கள்.

ஓசூர், கிருஷ்ணகிரிப் பக்கத்து ரெஸ்டாரன்டுகளில் அசாம், பீகார், ஒடிசா, நேபாளத்திலிருந்து வந்த பையன்கள் நிறையப் பேர் வேலை செய்கிறார்கள். தமிழ் வரவில்லை என்பதற்காகக் குரலை உயர்த்திப் பேசினால் புரிந்துவிடாது. மெனு அட்டையில் விரலை வைத்துக் காட்டுங்கள். டிப்ஸ் விஷயத்தில் ஒரு சிக்கல் உண்டு: கேப்டன் தமிழ்க்காரராகவும் பரிமாறியவர் வேறு மாநிலத்தவராகவும் இருந்தால், பேச்சுக் கொடுத்த கேப்டனிடமே காசும் போய்விடும். ஆர்டர் எடுத்தவர் யார், தட்டைத் தூக்கி வந்தவர் யார் என்று பார்த்துக் கொடுங்கள்.

யார் கொடுப்பது என்ற வீட்டுத் தகராறு

மாமனாரும் மருமகனும் பில்லைப் பிடுங்கிக்கொள்ளும் காட்சி எல்லாக் குடும்பப் பயணத்திலும் உண்டு. அதில் டிப்ஸ் இரண்டு தடவை போகும், அல்லது "அவர் கொடுத்திருப்பார்" என்று இரண்டு பேரும் நினைத்து ஒன்றுமே போகாது. இரண்டாவதுதான் அதிகம். பில் யார் வேண்டுமானாலும் கட்டட்டும்; சில்லறைப் பை வைத்திருப்பவர் மட்டும் டிப்ஸ் கொடுப்பார் என்று வைத்துக்கொண்டால் இந்தத் தொல்லை இல்லை. அந்த வேலைக்கு அம்மாவோ பெரியம்மாவோ பொருத்தம். யார் எத்தனை தடவை வெந்நீர் கொண்டுவந்தார் என்பது அவர்களுக்குத்தான் நினைவிருக்கும்.

"எதுக்கு அம்பது? ரெண்டு ரூபா வெச்சா போதாதா?" என்று தாத்தா சப்ளையர் காதுபடக் கேட்பார். முப்பது வருஷத்துக்கு முந்தைய இட்லி விலையை அவரிடம் எடுத்துச் சொல்லிப் பயனில்லை. அவரைக் கை கழுவ அனுப்பிவிட்டுக் கொடுங்கள்.

சரியில்லாத நாளில்

சாப்பாடு தாமதமானால் சப்ளையரைக் குறை சொல்வதற்கு முன் சமையல்கட்டுப் பக்கம் ஒரு பார்வை பாருங்கள். அவர் கவுன்டரில் நின்றுகொண்டு மாஸ்டரைப் பார்த்துக் குரல் கொடுத்துக்கொண்டிருந்தால் தாமதம் உள்ளே. பரோட்டா ஆறிப்போய் வந்து, அது கவுன்டரில் பத்து நிமிஷம் கிடந்ததை நீங்கள் பார்த்திருந்தால் தாமதம் வெளியே. உப்பு, காரம், வேகாத கறி எல்லாம் உள்ளே நடந்த தப்பு. அதற்கு டிப்ஸைக் குறைக்க வேண்டாம், கல்லாவில் சொல்லுங்கள். கேட்டதை மறந்தது, எரிந்து விழுந்தது, பில்லில் சாப்பிடாததைச் சேர்த்துவிட்டு மழுப்பியது இவைதான் சப்ளையர் கணக்கு. அப்போது கொடுக்காமல் வரலாம். ஒரு ரூபாய் நாணயம் வைத்து அவமானப்படுத்துவதைவிட ஒன்றும் கொடுக்காமல் வருவது மரியாதை.

சில நாட்களில் எல்லாக் கடையுமே திணறும். ஆடிப் பெருக்கு அன்று ஒகேனக்கல்லில் கால் வைக்க இடம் இருக்காது. தேய்பிறை அஷ்டமியில் அதியமான்கோட்டை காலபைரவர் கோயிலுக்கு வரும் கூட்டம் தருமபுரிச் சாப்பாட்டுக் கடைகளிலும் நிரம்பும். அந்த நாட்களில் மதியச் சாப்பாட்டுக்கு 12 மணிக்கே உட்கார்ந்துவிடுங்கள். இடம் பிடிக்க முன்கூட்டியே 100 ரூபாயை நீட்டாதீர்கள். உங்களுக்கு முன்னால் கைக்குழந்தையோடு நிற்பவர்களின் முறையை அது பறிக்கும், வாங்கியவருக்கும் கல்லாவில் ஏச்சு கிடைக்கும்.

ஒகேனக்கல்: மீன் சமைத்துத் தருபவர்கள்

தருமபுரியிலிருந்து பென்னாகரம் வழியாக சுமார் 46 கி.மீ. வந்தால் ஒகேனக்கல். இங்கே ஹோட்டல் கணக்கு எதுவும் செல்லாது. மீன் ஒருவரிடம், கழுவுவது ஒருவர், சமைப்பது இன்னொருவர். கட்லா, ரோகு, வாளை, கெளுத்தி என்று மீனை எடை போட்டு வாங்கி, சமைத்துத் தரும் பெண்களிடம் கொடுத்தால், மசாலா அரைத்து, குழம்பும் வறுவலும் செய்து தருவார்கள். கூலி பெரும்பாலும் கிலோ கணக்கு. சப்ளையர், மாஸ்டர், இலை எடுப்பவர் மூன்று பேரும் இங்கே ஒரே அக்கா.

கூலியை முதலிலேயே தெளிவாகப் பேசாவிட்டால், கடைசியில் எது கூலி, எது டிப்ஸ் என்று யாருக்கும் தெரியாது. அடுப்பு பற்றவைக்கும் முன் நான்கு கேள்வி கேளுங்கள். கிலோவுக்கு எவ்வளவு? எண்ணெயும் மசாலாவும் அதில் சேருமா? சாதம் வடித்துத் தருவீர்களா, அதற்குத் தனியா? மீன் கழுவும் கூலி உள்ளேயா வெளியேயா? இந்த நான்குக்கும் பதில் கிடைத்துவிட்டால் மொத்தத் தொகையைச் சத்தமாக ஒரு தடவை சொல்லி, "சரிங்களாக்கா?" என்று கேட்டுவிடுங்கள். மீனை எடை போட்ட பிறகு கழுவினால் செதிலும் குடலும் போய் எடை குறையும். கூலிக்கு எந்த எடை என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள், பெரும்பாலான வாய்த் தகராறு இதில்தான் வரும்.

பேரம் பேசுங்கள், ஆனால் மீன் விலையில் பேசுங்கள். புகையில் ஒரு மணி நேரம் உட்கார்ந்து சமைப்பவரின் கூலியில் ஐம்பதைக் குறைத்துவிட்டு, பிறகு அதே ஐம்பதை டிப்ஸாகக் கொடுப்பதில் என்ன அர்த்தம்? சாப்பிட்டு முடித்த பின், கூலிக்கு மேல் இரண்டு கிலோ மீனுக்கு 50 முதல் 100 ரூபாய், சமைத்தவர் கையிலேயே கொடுங்கள். பேருந்து நிலையத்திலிருந்தோ வண்டி நிறுத்தும் இடத்திலிருந்தோ உங்களை அழைத்து வந்து விட்டவர் பக்கத்தில் நிற்பார். "நானே குடுத்துடறேன் சார்" என்பார். அவருக்குத் தர வேண்டுமென்றால் தனியாகத் தாருங்கள். மிஞ்சிய குழம்பை "நீங்க எடுத்துக்கங்கக்கா" என்று விட்டு வருவது நல்லதுதான், ஆனால் அது காசுக்கு ஈடாகாது.

பரிசல்காரருக்கும் இதே முறை. கட்டணத்தைத் துறையில் கட்டிச் சீட்டு வாங்குங்கள். கூடுதல் சுற்றுக்கு எவ்வளவு என்பதை ஏறும் முன் பேசுங்கள். ஆற்று நடுவில் பேசினால் உங்கள் கை தாழ்ந்துதான் இருக்கும். கரை ஏறிய பிறகு ஒரு பரிசலுக்கு 50 முதல் 100 கொடுக்கலாம். காவிரியில் நீர்வரத்து கூடினால் குளிக்கவும் பரிசல் ஓட்டவும் தடை வரும். அந்த நாட்களில் மீன் சமைப்பவர்களுக்கும் பிழைப்பு படுத்துவிடும். தடை நீங்கிய முதல் வாரம் போகிறவர்கள் இதை மனதில் வைத்துக்கொள்ளலாம்.

கிருஷ்ணகிரி கே.ஆர்.பி. அணைப் பக்கம் மீன் வறுவல் நின்றுகொண்டே சாப்பிடுவது. விலையைக் கொடுத்தால் போதும்.

தங்கும் விடுதியில் காலை டிபன்

அறை வாடகையோடு காலை டிபன் சேர்ந்திருந்தால் பில் வராது. பில் வராததால் டிப்ஸ் நினைவும் வராது. பஃபே என்றாலும் தோசை தனியாக ஊற்றித் தருபவர், காபி கொண்டுவருபவர், தட்டு எடுப்பவர் இருக்கிறார்கள். எட்டுப் பேருக்கு 50 முதல் 80 போதும். காபி கொடுத்தவரிடமே கொடுத்து, தட்டு எடுப்பவருக்கும் பிரித்துக் கொடுக்கச் சொல்லுங்கள். இரண்டு நாள் தங்கினால் இரண்டு நாளும் கொடுங்கள், கடைசி நாளுக்குச் சேர்த்து வைக்காதீர்கள். ஷிப்ட் மாறி, முதல் நாள் தோசை ஊற்றியவர் அன்று லீவில் இருப்பார்.

வாடகை வண்டியில் வந்திருந்தால் டிரைவர் விஷயம் ஒன்று. அவருக்குப் பேட்டா உண்டு, அது தனி. சில நெடுஞ்சாலை ஹோட்டல்களில் வண்டி கொண்டுவரும் டிரைவருக்குக் கடைக்காரரே சாப்பாடு போட்டுவிடுவார். மெஸ்ஸில் அப்படி இருக்காது. அங்கே அவருக்கும் சேர்த்து இலை போடச் சொல்லி, டிப்ஸ் கணக்கில் அவரையும் ஒரு ஆளாக எண்ணிக்கொள்ளுங்கள்.

திரும்பும் வழியில் பார்சல் வாங்கினால் வழக்கமாக டிப்ஸ் இல்லை. ஆனால் எட்டுப் பேருக்கு இட்லி, மூன்று வகைச் சட்னி, சாம்பார் தனித்தனிக் கவரில் கட்டச் சொல்லி, "காரம் இல்லாதது ஒண்ணு தனியா" என்றும் கேட்டிருந்தால், கட்டிக் கொடுத்தவருக்கு 20 ரூபாய். வண்டி ஏறும் முன் கவர்களை எண்ணிவிடுங்கள். சட்னி விட்டுப்போனது சுங்கச்சாவடி தாண்டித்தான் தெரியும்.